ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை

குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்வதற்கு எத்தனை வழி இருக்கிறது?

சென்னையில் ஒரு ஓனர் தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பினார் — கடைசியில் இரண்டு கும்பிடும் கைகள். மூன்றாமவர் எங்களிடம் எதுவுமே சொல்லவில்லை. கேட்டில் 'டு-லெட்' போர்டை மாட்டிவிட்டுப் போய்விட்டார். காய்கறிப் பையோடு திரும்பிய நான், 'அட, நம்ம தெருவில் ஒரு வீடு காலியாகிறதே, தெரிந்தவர்களுக்குச் சொல்லலாமே' என்று நம்பரைக் குறித்துக்கொண்டு உள்ளே வந்தேன். நம்பரைப் பார்த்த பிறகுதான்... சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

போன மாதம் எங்கள் சாத்தூர் அண்ணாச்சி கையாண்ட முறை இவை எதிலும் சேராது.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. மாடிப்படியில் செருப்புச் சத்தம். அண்ணாச்சி எங்கள் வீட்டு ஓனர். கீழ் வீட்டில் அவரும் அவர் மனைவியும். மாடியில் நானும் என் கணவரும். எட்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. வாடகை வாங்கக்கூட மேலே ஏறி வராத மனிதர், கையில் ஒரு பை வெள்ளரிக்காயோடு வந்து நின்றார்.

உட்கார்ந்தார். காபி குடித்தார். என் கணவரின் பிரஷரை விசாரித்தார். ஆற்றுக்குள் கருவேல மரங்கள் பெருத்துவிட்டதைப் பற்றி வருத்தப்பட்டார். மின்விசிறியைப் பார்த்தார். மறுபடியும் பிரஷரை விசாரித்தார்.

"குமாரு இங்கனயே வந்திரலாம்னு இருக்கான் தங்கச்சி," என்றார் கடைசியில். குமார் அவருடைய ஒரே மகன்; பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. "வீட்ல இருந்தே வேலை பாக்கலாமாம். மருமக வேற உண்டாயிருக்கா. அதான்..."

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி," என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான்.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். காபி டம்ளருக்கு அடியில் வைத்தார். "நான் எறங்குனதுக்கு அப்புறம் பாருங்க," என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டார்.

பிரித்தேன். முத்து முத்தான கையெழுத்து.

'ஆவணி 12, வியாழக்கிழமை. வளர்பிறை தசமி. காலை பத்தே முக்கால் மணிக்கு மேல் பால் காய்ச்ச உத்தமம்.'

பால் காய்ச்சவா? தினமும்தானே காய்ச்சுகிறோம். இதற்கு எதற்கு நாளும் நேரமும்?

பேங்க்கில் வேலை பார்த்து ரிட்டயரான என் கணவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "புது வீட்டுல பால் காய்ச்சச் சொல்றார். அதாவது, இந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்றார்."

சீட்டை மறுபடி படித்தேன். கோபப்படவும் முடியவில்லை. 'போங்க' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போகிற இடத்தில் நன்றாக இருக்க வேண்டும் என்று நாள் பார்த்துக் கொடுத்துவிட்டார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் ஆவணி. இதைவிட மரியாதையாக ஒருவரை எப்படி வெளியே அனுப்புவது?

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் ஜன்னலைத் தெரியும். இதை எழுதுவதே அந்த ஜன்னலை ஒட்டிய மேஜையில்தான். வெளியே வைப்பாறு.

ஆறு என்றதும் கரை தொட்டு ஓடும் தண்ணீரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வருடத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். நடுவில் ஒரு திட்டுத் தண்ணீர், அதில் இரண்டு கொக்கு, அந்தப் பக்கம் ஆடுகள், சாயங்காலம் கிரிக்கெட். பாலத்தில் ரயில் போகும்போது பேட்ஸ்மேன் ஒரு நிமிடம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பந்தை ஆடுவான்.

என் கணவருக்கு இந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தபோது இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுச் சென்னைக்கே ஓடிவிடலாம் என்றுதான் வந்தேன். முதல் வருடம் ஐப்பசியில் ஒரு மத்தியானம். அண்ணாச்சியின் மனைவி — எனக்கு மதினி — மாடிக்கு ஏறி வந்து என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி வைத்தார்.

"கெளம்பு தாயி கெளம்பு. ஆறு வருது."

ஆறு எங்கே வருவது? அது அங்கேயேதானே இருக்கிறது? புரியாமலே பின்னால் ஓடினேன். பாலத்தில் பாதி ஊர் நின்றிருந்தது. கடையைப் பாதியில் விட்டு வந்தவர்கள், தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கையில் தீக்குச்சி மருந்து ஒட்டியபடியே வந்த பெண்கள், யூனிஃபார்ம் பிள்ளைகள். எல்லாரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தூரத்து மணலில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் நின்ற பெண் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சள்தூளை எடுத்துத் தூவினார். மதினி என் கையை விடவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

இரண்டு வருடம் எட்டு வருடமான கதை அவ்வளவுதான். கணவர் ரிட்டயரானார். நாங்கள் சென்னைக்குத் திரும்பவில்லை. இந்த ஜன்னலை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

ஆனால் என்ன செய்வது? வீடு அவருடையது. வருகிறவன் அவர் பிள்ளை.

வீடு தேட ஆரம்பித்தோம்.

இங்கே அண்ணாச்சியின் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் புரூஃப் பார்க்கிறவர். உங்கள் வீட்டுச் சுவரில் தினமும் ஒரு தாள் கிழிக்கிறீர்களே, அந்தத் தினசரி காலண்டர். ஒவ்வொரு தாளிலும் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம், யோகம், பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு வார்த்தை பலன். வருடம் முழுவதற்குமான தாள்களையும் ஒரு எழுத்து விடாமல் படித்துத் திருத்த வேண்டும். அமாவாசை ஒரு நாள் தள்ளிப் போனால் தமிழ்நாடு முழுக்கத் தர்ப்பணம் தள்ளிப் போய்விடும். விளையாட்டா?

ஆடிப் பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். அதற்குப் பிறகு ஆர்டர் குவியும். அதனால் ஆனி பிறந்ததுமே அண்ணாச்சி அடுத்த வருடத்துக்குக் குடிபோய்விடுவார். சாயங்காலம் மஞ்சள் பையில் புரூஃப் தாள்களோடு பஸ்ஸை விட்டு இறங்குவார். வராண்டாவில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமாகப் படிப்பார். நாம் எதிரே போனால், "தீபாவளி ஞாயித்துக்கெளம வந்து கெடக்கு தங்கச்சி, ஒரு நாள் லீவு போச்சு," என்று வருத்தப்படுவார். அது எந்த வருடத்துத் தீபாவளி என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"இவுகளோட குடும்பம் நடத்தணும்னா நாமளும் ஒரு வருசம் முந்தி நடக்கணும்," என்பார் மதினி.

மதினிக்கு அவர் மேல் வேறொரு வழக்கும் உண்டு. கீழ் வீட்டில் பின்பக்கம் ஒரு பெரிய அறை. அதற்குள் மனிதர் நுழைய முடியாது. முப்பது வருடத்துக் காலண்டர்கள், ஆல்பங்கள், புரூஃப் கட்டுகள், அச்சில் கலர் நகர்ந்துபோய் நாலு கண்ணோடு நிற்கும் முருகன் தாள்கள். ஒன்றையும் தூக்கிப் போட அண்ணாச்சி விட மாட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அறையில்தான் கட்டில் கிடந்ததாம். காலண்டர் வந்து கட்டிலை வெளியே தள்ளிவிட்டது.

இத்தனை காலண்டர் வைத்திருக்கிற மனிதர், எங்கள் வீட்டுச் சுவரில் மொத்தம் ஒரே ஒரு ஆணிக்குத்தான் அனுமதி கொடுத்தார். அந்த ஆணியிலும் அவர் கம்பெனிக் காலண்டர்தான் தொங்கும்.

தெருவில் யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் அண்ணாச்சியிடம்தான் நாள் கேட்பார்கள். காது குத்து, நிலை வைப்பது, புது பைக் எடுப்பது... எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். கொடுத்த நாளை ஒருபோதும் மாற்ற மாட்டார். 'மண்டபம் கெடைக்கல அண்ணாச்சி' என்று வந்தவரிடம், 'அப்ப மண்டபத்தை மாத்து' என்று சொல்லி அனுப்பியவர்.

வீடு தேடியதில் நாலாவதாக ஒன்று தேறியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், புது வீடு, கீழ்த் தளம். ஓனர் ஒரு அம்மா. நாற்காலி போட்டு உட்கார வைத்து என்னைப் பேட்டி எடுத்தார்.

"எத்தன பேரு இருக்கீக?"

"ரெண்டு பேர்தாங்க."

"விருந்தாளி வருவாகளா?"

"எப்பவாவது வருவாங்க."

"எப்பவாவதுன்னா எம்புட்டு?"

தண்ணீர்க் கணக்கு. தாமதமாகத்தான் புரிந்தது. வருடத்துக்கு இரண்டு விருந்தாளி, தலைக்கு மூன்று நாள் என்று ஒப்பந்தம் ஆயிற்று. ஆறு தெரியுமா என்று கேட்டேன். "ஆத்தப் பாக்கணும்னா நடந்து போயிப் பாருங்க, நடந்தா ஒடம்புக்கு நல்லது," என்றார். நியாயம்தான்.

"இப்ப எங்கன இருக்கீக?"

அண்ணாச்சி வீட்டைச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அவுக வீட்லயா? அப்ப நாளும் அவுகளே குறிச்சுக் குடுத்திருப்பாகளே. இந்த வீட்டுக்கு நெலை வச்சது அவுக சொன்ன நாள்லதான். எம் மக கல்யாணமும் அவுக குறிச்ச நாளுதான். அவுக சொல்லிட்டா நாங்க மறுபடி காலண்டரப் பாக்குறதே இல்ல. என்னைக்குச் சொல்லியிருக்காக?"

சீட்டு கைப்பையில் இருந்தது. எடுத்தேன். பெருமையாக நீட்டப் போனேன். அந்த அம்மாவின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு மாதக் காலண்டர். கண் தற்செயலாக ஆவணி பன்னிரண்டைத் தேடியது.

புதன்கிழமை.

மறுபடி பார்த்தேன். புதன்கிழமைதான். கீழே பொடி எழுத்தில் — தேய்பிறை சதுர்த்தசி. மரணயோகம். மறுநாள் அமாவாசை.

நீட்டிய கையை அப்படியே மடக்கிச் சீட்டைப் பைக்குள் திணித்தேன். "நாள் இன்னும் சொல்லலைங்க. பாத்துட்டு வந்து சொல்றேன்," என்றேன். வாய் கூசாமல் பொய்.

நீங்கள் கேட்கலாம்: எட்டு வருடமாகப் பத்தி எழுதுகிறவள், வீட்டிலேயே காலண்டரைப் பார்த்திருக்கக் கூடாதா? தினசரி காலண்டரில் நாம் இன்றைய தாளைத்தானே பார்க்கிறோம்? அதுவும் காலண்டரையே திருத்துகிறவர் எழுதிய சீட்டை யார் சரிபார்ப்பார்கள்?

வீட்டுக்கு நடந்து வரும்போது விஷயம் விளங்கிவிட்டது. ஆவணி பன்னிரண்டு வியாழக்கிழமைதான். வளர்பிறை தசமிதான். ஆனால் இந்த வருடம் இல்லை. அண்ணாச்சி மடியில் அடுத்த வருடத்துப் புரூஃப் கிடந்திருக்கிறது. அதைப் பார்த்து எங்களுக்கு நாள் குறித்துவிட்டார்.

சிவகாசிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வேறு யார் கையில் அடுத்த வருடம் இருக்கிறது?

என் கணவரிடம் சொன்னேன். "லாரி கிடைக்கிற நாள் நல்ல நாள். இதை எதுக்குப் போய்ச் சொல்லிக்கிட்டு? பேசாம காலி பண்ணிட்டுப் போவோம்," என்றார்.

மூன்று நாள் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் நாங்கள் மரணயோகத்தில் பால் காய்ச்சுவோம். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது என்று சொல்லிக்கொள்வேன்... ஆனாலும் 'மரணயோகம்' என்று அச்சில் பார்த்த பிறகு அடுப்பைப் பற்றவைக்கக் கை வருமா? அது போகட்டும். அன்று தற்செயலாகவாவது புது ஓனரம்மாவின் கண் காலண்டரில் படும். 'அண்ணாச்சியா இப்படிக் குறிச்சாக?' என்பார். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி வர எவ்வளவு நேரமாகும்? முப்பது வருடப் பெயர் ஒரே காலையில் போய்விடும்.

சொன்னால்? வேறு நாள் குறிப்பார். சீக்கிரமாகவே குறிப்பார். ஜன்னல் இன்னும் முன்னதாகவே போய்விடும்.

உள்ளுக்குள் இன்னொரு குரலும் இருந்தது, மறைக்க மாட்டேன். 'அடுத்த வருடம்' என்ற சொல்லை அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் காலையில் கீழே இறங்கினேன். அண்ணாச்சி வராண்டாவில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சீட்டையும், எங்கள் வீட்டு ஆணியிலிருந்து கழற்றிய காலண்டரையும் அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணாச்சி, இதை ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். தாளைப் புரட்டினார். சீட்டைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய் ஒரு புரூஃப் கட்டைக் கொண்டுவந்து பிரித்தார். மூன்றையும் வரிசையாக வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்கண்ணு போயிருச்சு போல தங்கச்சி," என்றார் மெதுவாக.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. "அதெல்லாம் இல்லை அண்ணாச்சி..."

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன். எனக்கே கொஞ்ச நாளா சந்தேகம். இன்னைக்கு என்ன கெளமன்னு கேட்டா ஒரு நிமிசம் தடுமாறுது. இது கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன செய்வாக? நாளையே தெரியாதவன் காலண்டர் பாக்குறான்னு சொல்ல மாட்டாகளா?"

இத்தனை வருடத்தில் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. ஏன் வந்தோம் என்றிருந்தது. பேசாமல் மரணயோகத்திலேயே பால் காய்ச்சியிருக்கலாம்.

அதுவரை வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காத மதினி வாயைத் திறந்தார்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. எழுதுனது வியாழக்கெளம. தாள்ல இருக்கதும் வியாழக்கெளம. எழுத்துல எங்க தப்பு இருக்கு?"

"வருசம் வேறல்லா?"

"சீட்டுல வருசம் போட்டிருக்கீகளா?"

அண்ணாச்சி சீட்டைப் பார்த்தார். வருடம் போடவில்லை.

"குறிச்ச நாள மாத்துற பழக்கம் ஒங்களுக்கு உண்டா?" மதினி அடுத்த வெங்காயத்தை எடுத்தார். "மண்டபத்த மாத்தச் சொன்ன ஆளுல்ல நீங்க?"

"அப்ப குமாரு வந்தா எங்கன இருப்பான்?"

மதினி வெங்காயத்தைக் கீழே வைத்தார். கத்தி நுனியால் பின்பக்க அறையைக் காட்டினார்.

அண்ணாச்சி அந்த அறையைப் பார்த்தார். சிவப்புப் பேனாவைப் பார்த்தார். புரூஃப் தாள்களை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மனிதரின் மனதை நோகடித்துவிட்டோமே... நான் போய்ச் சொன்னது அவர் பெயரைக் காப்பாற்றவா, என் ஜன்னலைக் காப்பாற்றவா? இரண்டும்தான். எது அதிகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மறுநாள் காலை மாடிப்படியில் அதே செருப்புச் சத்தம். இந்த முறை வெள்ளரிக்காய் இல்லை. பிரஷர் விசாரிப்பும் இல்லை. நேராக வந்து சீட்டை என் கையிலேயே கொடுத்தார்.

அதே சீட்டு. 'ஆவணி 12' என்பதற்குப் பக்கத்தில், இரண்டு எழுத்துக்கு நடுவே, சிவப்பு மையில் ஒரு சின்னக் கூரைக் குறி. புரூஃபில் விட்டுப்போன எழுத்தைச் சேர்க்கப் போடுவார்களே, அந்தக் குறி. அதற்கு மேலே அடுத்த வருடத்தின் நாலு எண்கள். ஓரத்தில் 'சரி' என்று எழுதிச் சுருக்கமாக ஒரு கையெழுத்து.

"நாள்ல தப்பில்ல தங்கச்சி. வருசம் விட்டுப்போச்சு, சேத்துட்டேன்," என்றார். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது. "அடுத்த வருசம் அன்னைக்குப் பாலு காய்ச்சுங்க. அது வரைக்கும் இங்கனயே இருங்க."

"குமார் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரே அண்ணாச்சி?"

"அவன் கெடக்கான். பிள்ளத்தாச்சிய மாடி ஏற வைக்கக் கூடாதாம், ஒங்க மதினி சொல்றா." கொஞ்சம் தயங்கினார். "எனக்கும் அது மொதல்ல தோணல."

அந்த வாரம் பின்பக்க அறை திறந்தது. பழைய பேப்பர்க்காரர் மூன்று நடை வந்தார். அண்ணாச்சி ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்துத்தான் கொடுத்தார். சில தாள்களை என் கணவரிடம் காட்டி, "இந்த வருசம் ரெண்டு அமாவாசை ஒரே மாசத்துல வந்துச்சு சார், எம்புட்டு சண்டை," என்று கதை சொன்னார். நாலு கண் முருகனை மட்டும் கடைசிவரை பேப்பர்க்காரரிடம் கொடுக்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். இப்போது என் மேஜை டிராயரில் விரித்திருக்கிறேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அறைக்குள் வெளிச்சம் வந்தது. அந்த அறைக்கு ஒரு ஜன்னல் இருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியும். அதிலும் ஆறு தெரிகிறது.

குமாரும் மனைவியும் போன வாரம் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆறாம் மாதம். ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டிருக்கிறார்கள். மருமகளுக்கு மதினி வெள்ளரிப் பிஞ்சு நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நானும் போய் உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்ட் வீட்டு அம்மாவிடம், 'நாள் அடுத்த வருடம்தான் சரியாக வருகிறதாம்' என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். 'அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

"நல்லவேளை மதினி, அன்னைக்கு நீங்க மட்டும் அந்த யோசனையைச் சொல்லலைன்னா..." என்றேன்.

மருமகள் எழுந்து உள்ளே போனதும், மதினி அண்ணாச்சி இருந்த வராண்டாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கா யோசிச்சேன்? அவுக ஒனக்கு நாள் பாக்கையில நான் பக்கத்துலதான் தாயி உக்காந்திருந்தேன். மடியில கெடந்தது அடுத்த வருசத்துத் தாளுன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமாக் கூடவே இருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா வேற நாளு குறிப்பாக. நீயும் போயிருவ. அந்த ரூமும் காலியாகாது." ஒரு பிஞ்சை எடுத்து என் கையில் வைத்தார். "நீ போயிட்டா, ஆறு வாரப்ப நான் யாரக் கூட்டிக்கிட்டுப் பாலத்துக்குப் போவேன்?"

வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பிஞ்சில் தூவிய மிளகாய்த்தூள் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சீட்டு இப்போது எங்கள் வீட்டு ஒற்றை ஆணியில், காலண்டருக்குப் பின்னால் பத்திரமாகத் தொங்குகிறது. "ஒரு வருஷம்தானே கிடைச்சிருக்கு. அப்புறம் என்ன பண்ணுவே?" என்று கேட்கிறார் என் கணவர். பேங்க்காரர், தவணை ஞாபகம் போகாது.

எனக்குக் கவலையே இல்லை. அந்த ஆவணி வரும்போது, அண்ணாச்சி அதற்கும் அடுத்த வருடத்தில் இருப்பார்.